மண்டோர் தலையாட்டவில்லை

புக்கிட் பெலண்டோக்
5.2.2023

அன்புள்ள அக்கா நீலாவதிக்கு,

தம்பி வீரமுத்து எழுதுகிறேன். இங்கே நானும் பதினான்கு ஆடுகளும் சௌக்கியம். தைப்பிங்கில் நீயும் ரோகினியும் மாப்பிள்ளையும் பேரனும் சுகமாக இருக்க வேண்டும்.

இதைக் கிழித்துப் போடுவதற்கு முன்னால் ஒரு நிமிஷம் யோசி. ரோகினி கல்யாணத்துக்கு மறுநாள் கோயிலில் சூடத்தை அடித்து அணைத்து நீ செய்த சத்தியம், "இந்த வாயால இனி உன்கிட்ட ஒரு வார்த்தை பேச மாட்டேன்" என்பதுதான். கண்ணால் படிக்க மாட்டேன் என்று சொல்லவில்லை. கையால் எழுத மாட்டேன் என்றும் சொல்லவில்லை. சத்தியத்தில் இந்த ஓட்டையைக் கண்டுபிடிக்க எனக்கு ஆறு வருடம் ஆனது. போனில் எழுதலாம் என்று பார்த்தேன். அது பேச்சில் சேர்த்தி என்று நீ சொல்லிவிட்டால் வம்பு. அதனால்தான் தபால்.

லோரி ஓட்டுவதை விட்டுவிட்டேன். செம்பனைத் தோட்டத்து ஓரமாகக் கொஞ்சம் இடம் பிடித்து ஆடு வளர்க்கிறேன். அதில் ஒரு விஷயம் தெரிந்துகொண்டேன். விதை அடிக்காத கிடாய் வயது ஏறினால் தன் தாடியிலேயே மூத்திரம் பெய்துகொண்டு திரியும். அதுதான் அதற்கு சென்ட். அந்த வாடை கறியில் ஏறிவிட்டால் எந்த மசாலா போட்டாலும் போகாது.

ரோகினியின் கறி விருந்துக்கு நான் பாரோயிலிருந்து ஏற்றிக்கொண்டு வந்தது அப்படிப்பட்ட கிழட்டுக் கிடாய். கொம்பு பெரிதாக இருந்தது, சம்பந்தி வீட்டார் அசந்து போவார்கள் என்று நினைத்தேன். அன்றைக்கு நீ "ஆடு நாறுதுடா" என்றபோது, "உனக்குச் சமைக்கத் தெரியல" என்று எல்லார் முன்னாலும் சொன்னேனே, அது தப்பு. நாறியது ஆடுதான். என்னை மன்னித்துவிடு.

தம்பி,
வீரமுத்து


தைப்பிங்
26.2.2023

திரு. வீரமுத்து அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. தாங்கள் விசாரித்ததால் சொல்கிறேன், எல்லோரும் நலம்.

கிழிக்கவில்லை. பின்பக்கம் வெறுமையாக இருந்ததால் பேரன் படம் வரைய வைத்துக்கொண்டான்.

இருபத்திரண்டு வருடம் பள்ளிக்கூடக் கேண்டீனில் சமைத்தவள் நான். ஒரு பிள்ளை முகம் சுளித்தது இல்லை. அன்று சம்பந்தி கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு "சமையல் யாரு?" என்று கேட்டார். ஆட்டைக் கொண்டுவந்தது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. தங்களுக்கு அது இப்போதுதான் தெரிந்தது என்றால் சந்தோஷம். ஆட்டைக் கேட்டுத் தெரிந்துகொண்டீர்கள், அக்கா சொன்னபோது தெரியவில்லை.

கிடாயைத் தொட்ட கையைப் புளித்தண்ணீரில் கழுவவும். சோப்புக்குப் போகாது.

இப்படிக்கு,
நீலாவதி


புக்கிட் பெலண்டோக்
12.3.2023

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உன் நலத்தை எழுதவும். நீ "தாங்கள்" என்று எழுதியதைப் படித்து அரைமணி நேரம் சிரித்தேன். பிறகு கொஞ்சம் அழுதேன். புளித்தண்ணீர் நன்றாக வேலை செய்கிறது.

என் பட்டியில் ஒரு கறுப்புக் கிடாய் இருக்கிறான். இரண்டு வயது ஆகப்போகிறது. பழைய தோட்டத்தில் ஆள்களை மேய்த்த மண்டோர் மாதிரி விடிந்தால் எல்லாரையும் முட்டி எழுப்பி வேலைக்கு அனுப்புவான், தான் மட்டும் வேலை செய்ய மாட்டான். அதனால் மண்டோர் என்றே பெயர் வைத்துவிட்டேன். இந்த மண்டோர் தினமும் காலையில் வேலிக் கம்பி ஓட்டையில் தலையை விட்டு மாட்டிக்கொள்வான். கொம்பு குறுக்கே நிற்கும். ஊரே கூடும்படி கத்துவான். நான் ஓடிப்போய், வாழையிலை கொடுத்து ஏமாற்றி, தலையைத் திருப்பி வெளியே எடுப்பேன். பதினொரு நாள் இப்படி. பன்னிரண்டாம் நாள் மாட்டிக்கொண்டு கத்தவில்லை, என் வீட்டு வாசலையே பார்த்துக்கொண்டு நின்றான். அப்போதுதான் புரிந்தது. அவனுக்கு வாழையிலை வேண்டும், அவ்வளவுதான்.

ஓட்டையை அடைத்துவிட்டேன். வாழையிலை மட்டும் தினமும் கொடுக்கிறேன். கேட்க வேண்டியதை நேராகக் கேட்கத் தெரியாமல்தான் பல பேர் தலையை விட்டு மாட்டிக்கொள்கிறோம் என்று தோன்றுகிறது. அதனால் நேராகவே கேட்கிறேன் அக்கா, எப்போது என்னோடு பேசுவாய்?

என் மனைவி லோகேஸ்வரி இறந்தபோது நீ பஸ் பிடித்து வந்தாய். என்னைக் கட்டிக்கொண்டு அழுதாய். எனக்குச் சோறு ஊட்டினாய். மூன்று நாள் இருந்தும் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அவளை அடக்கம் செய்த அன்று உன் குரல் கேட்காததுதான் எனக்குத் தாங்கவில்லை.

தம்பி,
வீரமுத்து


தைப்பிங்
20.4.2023

தம்பி வீரமுத்துவுக்கு,

அக்கா எழுதுவது. இங்கே நலம். பதில் தாமதமாகிவிட்டது, மருந்துக்கடை, அங்கே இங்கே என்று அலைச்சல்.

சூடத்தில் அடித்த சத்தியம் விளையாட்டு இல்லை. நம் அம்மா பாம்புப் புற்றின் மேல் சத்தியம் செய்துவிட்டுச் சாகும்வரை வெற்றிலை போடவில்லை. நான் வாயைக் கொடுத்துவிட்டேன், என்ன செய்வது. லோகேஸ்வரி விஷயத்தை இனி எழுதாதே. எனக்கும் அது இருக்கிறது.

உன் மண்டோர் கதையை ரோகினி வாசித்துக் காட்டினாள். மாப்பிள்ளை சிரித்து காப்பியைச் சட்டையில் கொட்டிக்கொண்டார். இன்னும் எழுது. இப்போதெல்லாம் நான் யாரையும் கூப்பிட்டுக் கத்துவதில்லை. கரண்டியால் தட்டில் தட்டினால் பேரன் ஓடி வருகிறான். சுடுதண்ணீர்தான் குடிக்கிறேன். வீடு அமைதியாக இருக்கிறது.

நேரத்துக்குச் சாப்பிடு. ஆட்டுக்குக் கொடுக்கும் வாழையிலையில் கொஞ்சம் உனக்கும் வைத்து அதில் சோறு போட்டுக்கொள்.

அக்கா


புக்கிட் பெலண்டோக்
30.4.2023

அன்பு அக்காவுக்கு,

நலம். "தாங்கள்" போய் "தம்பி" வந்ததற்கு மண்டோருக்கு ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கிக் கொடுத்தேன். தோலோடு தின்றான்.

நீ கத்தாத வீடா? இதை நான் நம்ப வேண்டுமா? கடைசி லயத்து வீட்டு வாசலிலிருந்து நீ "டேய் முத்து" என்றால் ஆற்றில் குளிக்கிற நான் மட்டும் இல்லை, கூடக் குளிக்கிற எல்லாப் பையன்களும் கரையேறி விடுவார்களே.

போன வாரம் ஒரு ஆடு முதல் ஈற்று ஈன்றது. குட்டியைக் கிட்டவே சேர்க்கவில்லை, முட்டித் தள்ளிவிட்டது. பக்கத்து மலாய்க் கம்போங்கிலிருந்து வயதான பாக்சிக் ஒருவர் வந்து, குட்டியின் முதுகில் உப்பைத் தடவச் சொன்னார். தடவினேன். உப்புக்காக நக்க ஆரம்பித்த ஆடு, நக்க நக்க அதைத் தன் குட்டி என்று ஒத்துக்கொண்டுவிட்டது. இப்போது நான் கிட்டே போனால் என்னை முட்டுகிறது.

என் முதுகில் எவ்வளவு உப்பு தடவ வேண்டும் என்று எழுது. ஒரு மூட்டையானாலும் வாங்கிவிடுகிறேன்.

தம்பி,
முத்து


புக்கிட் பெலண்டோக்
28.5.2023

அக்கா,

நலமா? உப்புக் கதை உனக்குப் பிடிக்கவில்லையா? ஒரு மாதமாகப் பதில் இல்லை. தினமும் லுக்குட் போய் சீனன் கடையில் தபால் வந்ததா என்று கேட்கிறேன். கடைக்காரத் தவுக்கே இப்போது என்னைப் பார்த்தாலே கையை விரிக்கிறார். கோபம் என்றால் "தாங்கள்" என்று எழுதியாவது ஒரு வரி போடு.

முத்து


தைப்பிங்
10.6.2023

அன்புள்ள மாமாவுக்கு,

ரோகினி எழுதுகிறேன். உங்கள் இரண்டு கடிதங்களும் வந்தன. அம்மா உங்களிடம் சொல்ல வேண்டாம் என்றார். சொல்லாமல் இருக்க என்னால் முடியவில்லை.

அம்மாவுக்குத் தொண்டையில் ஒரு கட்டி. பிப்ரவரியிலிருந்தே குரல் கம்மிப்போய், இப்போது காற்றுதான் வருகிறது. அதனால்தான் தட்டில் தட்டிக் கூப்பிடுகிறார். இருபதாம் தேதி ஆபரேஷன். கட்டி குரல் நரம்போடு ஒட்டியிருக்கிறதாம். எடுத்த பிறகு குரல் திரும்பினால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை என்று டாக்டர் சொன்னார். அதைக் கேட்டுவிட்டு வந்த அன்று அம்மா உங்கள் கடிதங்களை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒரு தாளில் எழுதி என்னிடம் காட்டினார்: "பேசக்கூடாதுன்னு நான்தானே சத்தியம் பண்ணேன். சாமி நெசமாவே வாயை எடுத்துக்கிச்சு."

மாமா, நீங்கள் பயப்படாதீர்கள். நான் பயப்படுகிற அளவே போதும்.

ரோகினி


புக்கிட் பெலண்டோக்
15.6.2023

அன்பு ரோகினிக்கு,

உன் கடிதத்தைக் கொட்டகையில் நின்று படித்தேன். படித்ததும் என்ன செய்கிறோம் என்று தெரியாமல் தோட்டத்து முனியாண்டி கோயிலுக்கு ஓடினேன். மண்டோர் பின்னாலேயே வந்திருக்கிறான், எனக்குத் தெரியாது. சாமி முன்னால் நின்று, "எங்கக்கா என்கிட்ட ஒரு வார்த்தை பேசட்டும், இவனையே உனக்குத் தர்றேன்" என்று கையை நீட்டிவிட்டேன். கை போன இடத்தில் மண்டோர் நின்றுகொண்டிருந்தான்.

கொட்டகையில் இன்னும் நான்கு கிடாய்க் குட்டி இருக்கிறது. அவற்றில் ஒன்றை நேர்ந்திருக்கலாம். குரல் வரட்டும் என்று மட்டும் கேட்டிருக்கலாம், என்னிடம் பேசட்டும் என்று கேட்டுத் தொலைத்தேன். அவசரத்தில் என் வாய் எப்போதும் இப்படித்தான், உன் கறி விருந்தில் செய்ததைத்தான் இங்கேயும் செய்திருக்கிறது. நேர்ந்தது நேர்ந்ததுதான். மண்டோர் போனால் போகட்டும். அக்காவுக்குக் குரல் வந்தால் போதும்.

அக்காவிடம் இதைச் சொல்லாதே. ஆபரேஷன் முடிந்ததும் எனக்குத் தெரியப்படுத்து.

மாமா


தைப்பிங்
16.7.2023

அன்புத் தம்பி முத்துவுக்கு,

அக்கா என் கையாலேயே எழுதுகிறேன். நலம், நலம், நலம். கட்டி கெட்ட கட்டி இல்லை. மூன்று வாரம் வாயே திறக்கக் கூடாது என்றார்கள். போன வியாழக்கிழமை டாக்டர் "பேசிப் பாருங்கள்" என்றார். பேரன் பெயரைச் சொன்னேன். கரகரவென்று வந்தது, ஆனால் வந்தது. ரோகினி அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டாள். டாக்டர் வேறு நோயாளிகள் காத்திருக்கிறார்கள் என்றார்.

உனக்குத்தான் முதலில் போன் போட எடுத்தேன். அப்போதுதான் ரோகினி உன் கடிதத்தைக் காட்டினாள். நான் உன்னிடம் ஒரு வார்த்தை பேசினால் மண்டோர் கதை முடிந்ததாமே? அடப்பாவி, வேண்டுதலுக்கும் ஒரு யோசனை வேண்டாமா? அதுவும் இரண்டு வயதுக் கிடாய். முனியாண்டிக்கு மூக்கு இல்லை என்று நினைத்துவிட்டாயா?

ஆறு வருடம் கோபத்தில் பேசவில்லை. இப்போது கோபம் ஒரு பொட்டும் இல்லை. சத்தியத்துக்கு என்ன பரிகாரம் என்றாவது கேட்டுத் தெரிந்துகொண்டு செய்துவிடலாம். ஆனால் ஒரு வாயில்லா ஜீவனைக் கொல்லுவதற்காக நான் வாயைத் திறக்க வேண்டுமா? மாட்டேன். அவன் தின்றுகொண்டு கிடக்கட்டும். நாம் எழுதிக்கொள்வோம்.

அக்கா


புக்கிட் பெலண்டோக்
24.7.2023

அன்பு அக்காவுக்கு,

உன் "நலம், நலம், நலம்" படித்து லுக்குட் தவுக்கே கடையிலேயே உட்கார்ந்துவிட்டேன். தவுக்கே பயந்துபோய் காப்பி கொடுத்தார். எனக்கு இப்போது வேறு ஒன்றும் வேண்டாம்.

ஆனால் நேர்ந்த கடனை அந்தரத்தில் விட முடியாது. பூசாரி சத்தியசீலனைக் கேட்டேன். வார நாளில் செம்பனை ஆலையில் லோரி எடை போடுகிறவர், கணக்காகத்தான் பேசுவார். "நீ கேட்டது குரல். குரல் வந்தாச்சு. ஆடிப் பூசைக்கு ஆட்டைக் கொண்டு வா" என்றார். நீயும் வர வேண்டும் என்றார். ஆகஸ்டு பதின்மூன்று, ஞாயிறு. வா அக்கா. நீ பேச வேண்டாம், கண்ணால் பார்த்தால் போதும். தனியாக நின்று அவனைக் கொடுக்க எனக்குத் தைரியம் இல்லை.

முத்து


புக்கிட் பெலண்டோக்
14.8.2023

அன்பு ரோகினிக்கு,

மாமா எழுதுகிறேன். நலம். அம்மாவும் நலம். ஒன்று விடாமல் எழுதச் சொன்னாய். போனில் கேட்டால் உன் அம்மா "ஒண்ணுமில்ல" என்று வைத்துவிடுவாள் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

சிரம்பான் ஸ்டேஷனில் இறங்கியதும் என் கன்னத்தைப் பிடித்துப் பார்த்தாள். இளைத்துவிட்டேன் என்று கையால் காட்டினாள். இங்கே வரும்வரை வண்டியில் ஒரு வார்த்தை இல்லை. நான் வேகமாகப் போனால் டேஷ்போர்டில் தட்டுவாள். கொட்டகைக்கு வந்து மண்டோரைப் பார்த்தாள். அவன் அவளுடைய கைப்பையின் வாரைக் கடித்தான். ஒரு தாளில் "இவனா?" என்று எழுதிக் காட்டினாள். ஆமாம் என்றேன். அவன் கழுத்தைத் தடவிக்கொடுத்தாள். பிறகு தானாகவே போய்ப் புளித்தண்ணீரில் கை கழுவினாள்.

நேற்று காலை கோயிலில் முப்பது பேர் இருந்தார்கள். மண்டோருக்கு மாலை போட்டோம். அதில் பாதியைத் தின்றுவிட்டான். வழக்கம் உனக்குத் தெரிந்திருக்கும். ஆட்டின் மேல் மஞ்சள் தண்ணீர் தெளிப்பார்கள், அது உடம்பைச் சிலிர்த்துத் தலையாட்டினால் சாமி ஏற்றுக்கொண்டது என்று அர்த்தம். ஆட்டாவிட்டால் அரிவாளைத் தொடக்கூடாது.

பூசாரி தெளித்தார். மண்டோர் அசையவில்லை. இன்னொரு சொம்பு ஊற்றினார். கண்ணைக்கூட மூடவில்லை. தண்ணீர் தாடியிலிருந்து சொட்டுகிறது, அவன் பூசாரியையே பார்த்துக்கொண்டு அசை போடுகிறான். சும்மா ஒரு ஈ உட்கார்ந்தாலே உதறுகிறவன் அவன். உடுக்கை அடித்தவர்கள் கை வலித்து நிறுத்திவிட்டார்கள். மூன்றாவது சொம்பும் போயிற்று.

"வீரமுத்து, நீ என்னன்னு நேந்துக்கிட்ட? சரியா சொல்லு" என்று பூசாரி கேட்டார்.

"எங்கக்கா என்கிட்ட பேசணும்னு" என்றேன்.

"பேசிட்டாங்களா?"

"இல்ல."

"அப்புறம் எப்படிலா சாமி ஏத்துக்கும்? எடை போடாம லோரிய உள்ள விட்ட மாதிரில இருக்கு!"

எல்லாரும் அக்காவைப் பார்த்தார்கள். அக்கா என்னைப் பார்த்தாள். நான் மண்டோரின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தேன், வெட்கம் எல்லாம் போய்விட்டது. அக்கா கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்து, கரகரத்த குரலில், ஆனால் கடைசி லயம் வரை கேட்கிற மாதிரி, "டேய் முத்து! கயித்த அவுத்து விடுடா! சாமியே வேண்டாங்குது, உனக்கு என்னடா?" என்றாள்.

ஆறு வருடம் கழித்து அதைக் கேட்டேன் ரோகினி. கை தானாகக் கயிற்றை அவிழ்த்துவிட்டது.

கயிறு கீழே விழுந்ததுதான் தாமதம், மண்டோர் தலையிலிருந்து வால் வரை ஒரு உதறு உதறினான் பார், மஞ்சள் தண்ணீர் முன்வரிசை முழுக்கத் தெறித்தது. தலையையும் நன்றாகவே ஆட்டினான்.  முப்பது பேரும் பார்த்தோம். பூசாரியின் வேட்டி முழுக்க மஞ்சள். அவர் மெதுவாக மேலே மரத்தைப் பார்த்தார்.

"நான் பாக்கல. நீங்க யாராச்சும் பாத்தீங்களா?" என்றார்.

உடுக்கைக்காரர் குனிந்து உடுக்கையின் தோலைத் தடவிக்கொண்டிருந்தார். ஒரு அம்மா பிள்ளையின் கண்ணைப் பொத்தினாள். ஒருவரும் பார்க்கவில்லை. மண்டோரின் காதில் சின்னதாக ஒரு வெட்டு வைத்து, சாமி ஆடு என்று விட்டாயிற்று, இனி அவனை யாரும் தொட முடியாது. பூசாரி ஒரு பூசணிக்காயை வெட்டிப் பூசையை முடித்தார்.

அக்கா அவரிடம், "சூடத்துல அடிச்ச சத்தியத்த மீறிட்டேனே, அதுக்கு என்ன செய்யணும்?" என்று கேட்டாள்.

"ஒரு தேங்கா உடைங்க, போதும்."

"அவ்ளோதானா?"

"ஆறு வருசத்துக்கு முந்தி கேட்டிருந்தா அப்பவே சொல்லியிருப்பேன்லா."

அக்கா விறுவிறுவென்று திரும்பினாள். போய் மூன்று தேங்காய் வாங்கி வந்தாள். மூன்றையும் அவள் உடைத்த வேகத்தில் சில்லு மண்டபம் முழுக்கப் பறந்தது.

திரும்பி வரும்போது வண்டியில் பேச ஆரம்பித்தாள். டாக்டர் அதிகம் பேசக்கூடாது என்றாரே என்றேன், காதிலேயே வாங்கவில்லை. என் சட்டை, என் வீடு, நான் வண்டி ஓட்டுகிற அழகு, எல்லாவற்றுக்கும் திட்டு. செம்பனைத் தோட்டத்து வளைவில், சும்மா பேச்சோடு பேச்சாக, "லோகேஸ்வரி நல்ல பொண்ணுடா. அன்னிக்கே உன்கிட்ட சொல்லியிருக்கணும்" என்றாள்.

எனக்குப் பாதை தெரியவில்லை. ஓரமாக வண்டியை நிறுத்தினேன்.

"ஏன்டா நிறுத்துன?" என்றாள்.

"ஒண்ணுமில்லக்கா, நீ பேசு" என்றேன்.

பேசினாள்.

அன்புடன்,
மாமா வீரமுத்து